அரசு என்பது ஒற்றை மனமா? அணு ஆயுதத் தடுப்புக் கோட்பாடும் பிழையின் அபாயமும்

ஆய்வுச் சுருக்கம்

பேரழிவு ஆயுதங்களின் அச்சுறுத்தலை உலக அரசியல் கோட்பாடுகள் பெரும்பாலும் அரசுகளின் நோக்கத்தைக் கொண்டே அளவிடுகின்றன. எவருடைய நோக்கமும் இன்றி நேரும் பிழையை அவை எவ்வாறு விளக்குகின்றன என்பதை 1962ஆம் ஆண்டின் கியூபா நெருக்கடி, 1983ஆம் ஆண்டின் சோவியத் பொய் எச்சரிக்கை, 2022ஆம் ஆண்டின் பிரமோஸ் ஏவுகணை நிகழ்வு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அணு ஆயுதத் தடுப்பு, யதார்த்தவாதம், அமைப்பியல் நடத்தை, கியூபா நெருக்கடி, தெற்காசியா

முன்னுரை

அணு ஆயுதம், கதிரியக்கப் பொருள் கொண்ட ஆயுதம், உயிர்க்கொல்லி வேதி ஆயுதம், உயிரியல் ஆயுதம் ஆகியவற்றைப் பேரழிவு ஆயுதங்கள் என ஐக்கிய நாடுகள் அவையின் ஆணையம் ஒன்று 1948இல் வரையறுத்தது. இவற்றுள் உயிரியல் ஆயுதங்களை 1972ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் வேதி ஆயுதங்களை 1993ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் தடைசெய்கின்றன. அணு ஆயுதத்தின் நிலை வேறு. 2021இல் நடைமுறைக்கு வந்த தடை உடன்படிக்கையில் அணு ஆயுதம் வைத்துள்ள ஒன்பது நாடுகளுள் ஒன்றும் சேரவில்லை. எதிரி தாக்கினால் தானும் அழிவான் என்னும் அச்சமே போரைத் தடுக்கும் என்பது அந்நாடுகளின் வாதம். இத்தடுப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதே கோட்பாட்டாளர்களிடையே நிலவும் வழக்கின் மையம்.

வால்ட்சும் சேகனும்

யதார்த்தவாதத்தின் பார்வையில் உலக அரசியலுக்கு மேலதிகாரம் ஏதுமில்லை. ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். இவ்வடிப்படையிலிருந்து கென்னத் வால்ட்சு 1981இல் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்: அணு ஆயுதங்கள் மெல்லப் பரவுவது உலகுக்கு நன்மையாகவும் அமையலாம். இழப்பு எல்லையற்றது என்று தெரிந்த பின் எந்த அரசும் துணிந்து போரில் இறங்காது என்பது அவர் கருத்து. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரடிப் பெரும்போரில் மோதிக்கொள்ளவில்லை என்பது வரலாறு.

ஆனால் இவ்வாதத்தில் அரசு என்பது ஒற்றை மனமாகக் கருதப்படுகிறது. அரசுக்குள் படைப்பிரிவுகள், கட்டளைச் சங்கிலிகள், இரவுப் பணியில் விழித்திருக்கும் அலுவலர்கள், பழுதடையும் கருவிகள் எல்லாம் உண்டு. ஸ்காட் சேகன் 1993இல் வெளியிட்ட நூலில் இப்பக்கத்தையே ஆராய்ந்தார். பெரிய அமைப்புகள் வழக்கமான நடைமுறைகளின்படி இயங்குபவை. தம் பிழைகளை மறைக்கும் இயல்புடையவை. ஆதலால் அவற்றிலிருந்து கற்பதும் குறைவு என்பது அவர் முடிவு.

1962, அக்டோபர் 27

கியூபா நெருக்கடி தடுப்புக் கோட்பாட்டின் வெற்றியாகப் பாடநூல்களில் காட்டப்படுவது உண்டு. கென்னடியும் குருசேவும் அழிவை அஞ்சினர், இருவரும் பின்வாங்கினர். தலைவர்களைப் பொறுத்தவரை இது உண்மையே. அந்த ஒரு நாளில் தலைவர்களின் கைக்கு அப்பால் நடந்தவற்றைப் பார்த்தால் சித்திரம் மாறுகிறது.

கியூபாவின் வானில் அமெரிக்க யு-2 உளவு விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி உயிரிழந்தார். ஆணையிட்டவர்கள் அங்கிருந்த சோவியத் தளபதிகள். மாஸ்கோவின் ஒப்புதல் பெறப்படவில்லை. அதே நாளில் வடதுருவப் பகுதிக்குச் சென்ற மற்றொரு யு-2 வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்தது. அதனைத் துரத்தச் சோவியத் போர் விமானங்களும் அதனைக் காக்க அலாஸ்காவிலிருந்து அமெரிக்கப் போர் விமானங்களும் கிளம்பின. பின்னவை சுமந்திருந்தவை அணுமுனை பொருத்திய ஏவுகணைகள். கடலடியிலோ, பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கியை மேலெழச் செய்ய அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளை இட்டன. அதில் அணுமுனை கொண்ட டார்பிடோ இருந்ததை அமெரிக்கக் கடற்படை அறியாது. போர் தொடங்கிவிட்டதோ என நீர்மூழ்கியின் தலைவர் ஐயுற்றதாகவும், உடனிருந்த வசிலி அர்கிபோவ் அமைதிப்படுத்தியதாகவும் பின்னாளில் கூறப்பட்டது. இக்கூற்றுகள் விவரத்தில் ஒத்துப்போவதில்லை எனினும் கப்பல் மேலெழுந்தது என்பதில் ஐயமில்லை. கியூபாவில் குறுந்தொலைவு அணு ஆயுதங்களும் இருந்தன என்பது அமெரிக்கத் தரப்பினருக்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல் ஹவானாவில் நடந்த மாநாட்டில்தான் தெரியவந்தது.

இவற்றுள் எதுவும் கென்னடியோ குருசேவோ எடுத்த முடிவன்று.

தாராளவாதக் கோட்பாடு இத்தகைய அபாயத்துக்கு நிறுவனங்களையும் உடன்பாடுகளையும் மருந்தாகக் கூறும். நெருக்கடியின்போது செய்திகள் சென்றடைய மணிக்கணக்கில் ஆனதால், 1963இல் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. இது பயன் தந்த மருந்தே.

நினா டானன்வால்ட் முதலிய ஆக்கவாதிகள் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது என்னும் விலக்குணர்வு தலைவர்களிடையே வேரூன்றியதை எடுத்துக்காட்டுவர். ஆனால் விலக்குணர்வு தெரிந்து செய்யும் செயலைத் தடுக்கும். தன்னைத் தாக்கிவிட்டார்கள் என்று தவறாக நம்புபவரிடம் அதன் வலிமை எவ்வளவு என்பது ஐயத்துக்குரியது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாக எச்சரித்தது. மேகங்களின் மீது பட்ட சூரிய ஒளியே அப்பிழைக்குக் காரணம். பணியிலிருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என மேலிடத்துக்குத் தெரிவித்தார். பின்னர், பதிவேட்டை உரியவாறு நிரப்பாததற்காகத் தாம் கண்டிக்கப்பட்டதாக அவர் கூறினார். சேகன் விவரிக்கும் அமைப்பின் குணம் இதுவே.

தெற்காசியா

இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதத்தில் அணுச் சோதனை நடத்தின. மறு ஆண்டே கார்கிலில் போரிட்டன. எல்லை பொதுவாதலால் எச்சரிக்கையைச் சரிபார்க்கக் கிடைக்கும் நேரம் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் கிடைத்ததைவிட மிகக் குறைவு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாக ஏவப்பட்ட பிரமோஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் அணுமுனை இல்லை, உயிரிழப்பும் இல்லை. மறுநாள் பாகிஸ்தான் இராணுவம் செய்தியை வெளியிட்டது. அதற்கு அடுத்த நாள் இந்தியா வருத்தம் தெரிவித்துத் தொழில்நுட்பக் கோளாறு என விளக்கியது. ஆகஸ்டில் முடிந்த விசாரணையோ செயல்முறை விதிகள் மீறப்பட்டதே காரணம் எனக் கண்டது. விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

பாகிஸ்தான் அன்று பதிலடி தரவில்லை. வால்ட்சின் ஆதரவாளர்கள் இதைத் தம் பக்கச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் அது அமைதியான நாளொன்றில் வந்த ஒற்றை ஏவுகணை. கார்கில் போரின் நடுவே அது வந்திருந்தால் அதே நிதானம் கிட்டியிருக்கும் என்று எக்கோட்பாட்டாலும் உறுதி கூற இயலாது.

இரு நாடுகளுக்கும் இடையே உடன்பாடுகள் இல்லாமல் இல்லை. அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்னும் 1988ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் நிலையங்களின் பட்டியல்கள் பரிமாறப்படுகின்றன. 2005ஆம் ஆண்டின் உடன்பாடு ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே அறிவிக்கக் கோருகிறது; ஆனால் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். 2007ஆம் ஆண்டின் உடன்பாடு விபத்துகளை உடனே தெரிவிக்கக் கோருகிறது; ஆனால் அணு ஆயுதம் தொடர்பான விபத்துகளை மட்டும். பிரமோஸ் குரூஸ் வகையைச் சேர்ந்தது. அன்று அணுமுனையின்றிப் பறந்தது. ஆகவே இவ்விரண்டு உடன்பாடுகளின் சொற்களுக்குள்ளும் அது அடங்கவில்லை.