இல்லம் குளிர என்ன வேண்டும்?

சித்திரை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகின்றது: "இந்த ஆண்டாவது ஒரு ஏ.சி. வாங்கிவிட வேண்டும்." பெரு நகரங்களில் மட்டும் கேட்டுவந்த இப்பேச்சு இப்போது ஜவளகிரி போன்ற மலைச்சாரல் ஊர்களிலும் கேட்கின்றது. தவணை முறையில் கருவி கிடைக்கின்றது. கடைக்காரரும் வீடு தேடி வந்து பொருத்தித் தருகின்றார். ஆனால் எந்தக் கருவி, எந்த அளவு, எந்த அறைக்கு, யாருக்காக என்னும் கேள்விகளை நாம் கேட்பது அரிது. இக்கட்டுரையில் அவற்றையே ஆராய்வோம்.

நம் மண்ணின் வெப்பம்

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், காடுகளை ஒட்டி, கர்நாடக எல்லையின் அருகே அமைந்துள்ளது ஜவளகிரி. ஓசூர், தளி, ஜவளகிரி ஆகியவை அமைந்த இம்மேட்டுநிலம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது இயற்கையின் பொது விதி. ஆகவேதான் சென்னை வெந்து வாடும் நாள்களிலும் இங்கே மாலையில் காற்று இதமாக வீசுகின்றது. மார்கழியிலும் தையிலும் கம்பளி இல்லாமல் உறங்க இயலாது. தளியை ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்வதும் இக்குளுமை கருதியே.

அந்த ஊரில் ஏ.சி. பற்றிய பேச்சு எழுவானேன்? காரணங்கள் இரண்டு. முதலாவது, வெப்பம் மெய்யாகவே கூடிவருகின்றது. இதே மேட்டுநிலத்தைச் சார்ந்த பெங்களூரில் 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. இரண்டாவது காரணம் நம் தலைக்கு மேலேயே இருக்கின்றது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிற்சாலை ஊதியம் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் வந்தது. நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் வேய்ந்த வீடுகள் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளாயின. ஓட்டுக்கூரையின் இடுக்குகளில் சூடு வெளியேறும்; மாலையில் விரைந்து ஆறிவிடும். கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் அதை அறைக்குள் உமிழ்கின்றது. வெளியே குளிர்ந்த காற்று வீச, உள்ளே நாம் வியர்த்துக் கிடக்கின்றோம்!

யாருக்காக இந்தக் குளுமை?

குளுமை ஆடம்பரமா, தேவையா என்று வாதிடுவோர் உண்டு. அவரவர் வீட்டைப் பார்த்தே இதற்கு விடை சொல்ல இயலும். முதியோரின் உடல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலை மெல்ல இழக்கின்றது. கைக்குழந்தைக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. கருவுற்ற பெண்களும், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

நம் பகுதிக்கே உரிய இன்னொருவரையும் மறந்துவிடலாகாது. அவர் இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பும் தொழிலாளி. உலகம் விழித்திருக்கும் நேரத்தில், வெயில் ஏறும் நண்பகலில், சூடேறிய தளத்தின் கீழ் அவர் உறங்கியாக வேண்டும். உறக்கம் கெட்டவர் மறுநாள் இரவு ஓடும் இயந்திரத்தின் முன் நிற்கின்றார். அவருக்குக் குளிர்ந்த அறை உடல்நலத்திற்கும் பாதுகாப்பிற்கும் உரிய தேவை என்பதில் ஐயமில்லை. ஆகவே, வரவேற்பறையில் விருந்தினர் பார்வைக்கு ஒரு கருவி மாட்டுவதைவிட, வீட்டில் மிக நலிந்தவரும் மிகக் களைத்தவரும் உறங்கும் அறை எது என்று கண்டு, அந்த ஓர் அறையைக் குளிரச் செய்வதே அறிவுடைமை.

முதல் செலவு கூரைக்கு

கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் மொட்டை மாடிக்குச் செலவிடுவோம். கறுத்துப்போன தளம் வெயிலின் பெரும்பகுதியை உள்வாங்குகின்றது. வெண்மையான தளம் அதன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. பங்குனி பிறக்குமுன் தளத்தைக் கழுவி, சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெண்பூச்சோ இரு முறை பூசினால், கீழேயுள்ள அறையின் சூடு உணரத்தக்க அளவு தணியும். அகமதாபாத் நகரம் 2013ஆம் ஆண்டில் வகுத்த வெப்பத் தடுப்புத் திட்டத்தைத் தொடர்ந்து, அங்கே எளியோர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு பூசப்பட்டது. தெலுங்கானா அரசு 2023இல் இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது.

புதிதாக வீடு கட்டுவோர் நம் முன்னோர் முறையை மறக்க வேண்டாம். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பது மழைநீர்க் கசிவையும் வெயிலையும் ஒருங்கே தடுக்கும். மேற்குச் சுவரில் மாலை வெயில் நேரே விழாதபடி வேம்போ புங்கமோ நடலாம். மரம் வளரும்வரை சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டலாம். திரைச்சீலை உள்ளே தொங்கினால் வெப்பம் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட பின்னரே தடுக்கப்படுகின்றது. தட்டியோ அதனை வாசலிலேயே நிறுத்துகின்றது.

இம்மேட்டுநிலத்திற்கு இறைவன் அளித்துள்ள கொடை குளிர்ந்த இரவு. கொசுவலை அடித்த சன்னல்களை இரவு முழுவதும் திறந்துவைத்து, காலை ஒன்பது மணிக்குள் சாத்திவிடுங்கள். இரவின் குளுமை சுவர்களில் தங்கி நண்பகல்வரை நிற்கும்.

மின்விசிறியும் நீர்க்குளிர்விப்பானும்

வெளிக்காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலைக் குளிர்விக்காது, சூட்டையே வீசும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். நம் மேட்டுநிலத்தில் அத்தகைய நாள் மிக அரிது. எனவே பெரும்பாலான வீடுகளுக்கு நல்ல மின்விசிறியே போதும். பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ள, பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றது.

அடுத்தது 'ஏர் கூலர்' என்று வழங்கும் நீர்க்குளிர்விப்பான். ஈர மண்பானையில் நீர் குளிர்வது எவ்வாறோ, அதே முறையில் இது இயங்குகின்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் மின்சாரத்திற்குச் சற்றே குறைவான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. காற்று வறண்டிருந்தால்தான் இது பயன் தரும். கடற்கரையில் உள்ள சென்னையில் பயன் குறைவு. வறண்ட கோடை நிலவும் ஜவளகிரியில் பயன் மிகுதி. இக்கருவி இயங்கும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் ஈரம் தேங்கிப் புழுக்கம் உண்டாகும். வாரம் ஒருமுறையேனும் தொட்டியை முற்றிலும் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய நன்னீர் டெங்குக் கொசுவின் தொட்டில் அன்றோ!

ஏ.சி. வாங்குவதானால்

இத்தனைக்குப் பின்னும் தேவை இருப்பின், கருவியை வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் அதன் இயல்பை அறிந்து வாங்குவோம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றது. அமெரிக்க மருத்துவர் ஜான் கோரி காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்று, பனிக்கட்டி செய்யும் இயந்திரத்திற்கு 1851இல் காப்புரிமை பெற்றார். 1902இல் வில்லிஸ் கேரியர் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தால் விரியாதிருக்க வழி கண்டார். இன்றைய கருவிகள் அவ்வழி வந்தவை.

'டன்' என்பது கருவியின் எடையன்று. சுமார் 900 கிலோ பனிக்கட்டி ஒரு நாளில் உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை, அதே ஒரு நாளில் அகற்றும் திறனே ஒரு டன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, மேலே மற்றொரு மாடியோ வெண்பூச்சுத் தளமோ இருந்தால், நம் ஊரில் ஒரு டன் போதுமானது. வெயில் நேரே காயும் தளத்தின் கீழ் அதே அறைக்கு ஒன்றரை டன் கேட்பார்கள். கூரைக்குச் செய்த செலவு இங்கே திரும்பிவிடுகின்றது. கிருஷ்ணகிரி நகரம் மலைக்குக் கீழே, நம்மைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வில் உள்ளது. அங்குள்ள உறவினர் வீட்டு அளவை அப்படியே இங்கே பின்பற்றுதல் வேண்டா.

அடுத்து, நட்சத்திரக் குறியீடு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் ஒட்டச் செய்யும் சீட்டில் ஆண்டு மின்செலவு அச்சிடப்பட்டிருக்கும். அக்கணக்கு ஆண்டுக்கு 1600 மணி நேரப் பயன்பாட்டிற்குரியது. எடுத்துக்காட்டாக, இரு கருவிகளுக்கிடையே ஆண்டுக்கு 200 யூனிட் வேற்றுமை இருப்பதாகக் கொள்வோம். கோடையில் 60 நாள், நாளொன்றுக்கு 6 மணி நேரம் என 360 மணி நேரம் மட்டுமே இயக்கும் வீட்டில் மிச்சமாவது 45 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டாலும் அது 360 ரூபாய்தான். இதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஐந்து நட்சத்திரக் கருவி வாங்குவதைவிட, மூன்று நட்சத்திரக் கருவி வாங்கி மீதியைக் கூரைக்குச் செலவிடலாம். ஆண்டு முழுவதும் பகலில் உறங்கவேண்டிய தொழிலாளியின் வீட்டிலோ, சமவெளியிலோ கணக்கு மாறும். அங்கே ஐந்து நட்சத்திரமே இலாபம். விதிகள் காலந்தோறும் கடுமையாவதால், சீட்டில் குறித்துள்ள ஆண்டையும் பார்த்து வாங்குங்கள்.

'இன்வெர்ட்டர் ஏ.சி.' என்றால் மின்வெட்டிலும் ஓடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இயங்குவதையே அச்சொல் குறிக்கின்றது. இது மின்சாரத்தைச் சேமிக்கும், ஆகவே விரும்பத்தக்கது.

கவனிக்க வேண்டியவை

கருவிக்கெனத் தனிக் கம்பி, தனி 'பிரேக்கர்', உறுதியான எர்த் இணைப்பு ஆகியவை இன்றியமையாதவை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் 'ஸ்டெபிலைசர்' தேவையா என்பதைக் கருவியின் குறிப்பேட்டைப் பார்த்து முடிவு செய்க. வெளிப்பெட்டியை நிழலில், காற்று தாராளமாகப் போய்வரும் இடத்தில் பொருத்துக.

"ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும்" என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுழல்வது; செலவாகித் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு; முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். இன்று பரவலாக உள்ள ஆர்-32 வாயு ஓரளவும், ஆர்-290 வாயு எளிதாகவும் தீப்பற்றக்கூடியவை. பயிற்சி பெற்றவரைத் தவிர வேறெவரும் குழாயைத் திறக்க இடம் தரலாகாது.

உள்ளேயுள்ள வடிகட்டியை இரு வாரங்களுக்கொருமுறை நீரில் கழுவி உலர்த்துங்கள். 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து, விசிறியையும் மெல்லச் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மேற்சொன்ன பணியகம் கூறுகின்றது. 2020 முதல் கருவிகள் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு விதிக்கப்பட்டதும் இதனாலேயே. முக்கியமாக ஒன்று: மூடிய அறையில் கரியடுப்போ, தணலோ, கொசுவர்த்திச் சுருளோ ஒருபோதும் வைக்காதீர்கள். அடைபட்ட புகையும் நச்சுக்காற்றும் உறங்குவோரின் உயிருக்கே உலை வைக்கும்.

அயலாரின் சன்னல்

நம் அறையிலிருந்து அள்ளிய வெப்பம் எங்கே போகின்றது? பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிரே வெளிப்பெட்டியை மாட்டினால், நமது குளுமை அயலாரின் புழுக்கமாகின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் 55ஆம் பத்தியில், கேடு தரும் நுகர்வுப் பழக்கம் பெருகுவதற்கு எளிய எடுத்துக்காட்டாக ஏ.சி. பயன்பாட்டையே சுட்டுகின்றார். அச்சொல் நோயுற்ற தாய்க்குக் குளுமை தருவதைப் பழிப்பதன்று. தேவையின் எல்லையை நமக்கு நினைவூட்டுவது.

ஆகவே, அன்புள்ள குடும்பத்தாரே! வரும் கோடைக்குமுன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மேற்குச் சுவரைப் பாருங்கள். வீட்டில் யார் உறங்காமல் தவிக்கின்றார் என்று கேளுங்கள். பின்னர்க் கடைக்குச் செல்லுங்கள். கூரைக்கு வெண்மை, சுவருக்கு நிழல், தேவையுள்ளவருக்கு ஒரே ஓர் அறையில் அளவான குளுமை: இம்மூன்றும் அமைந்தால், கடனும் பெருகாது, உடலும் வாடாது, அயலாரும் வருந்தார்.