கண்ணாடிக் கூடம் துடைப்பதும் ஒரு கைத்தொழிலே

வீடு கூட்டுவதும் துடைப்பதும் எல்லாருக்கும் தெரிந்த வேலைதானே, அதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். பால்வெட்டையும் அப்படித்தான் பேசினார்கள். "மரத்தைக் கீறினால் பால் வழிகிறது, இதில் என்ன வித்தை?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் விழும்; மரம் கெட்டுப் போகும். எந்தச் சாய்வில் வெட்டுவது, எவ்வளவு ஆழம், எந்த நேரம் என்று அறிந்தவருக்குத்தான் மரம் நெடுநாள் பால் கொடுக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

துப்புரவு வேலையும் அப்படித்தான். அதிலும் கண்ணாடிக் கூடத்தின் உட்புறத்தைத் துடைப்பது, முறை தெரிந்தவர் மட்டுமே செய்யத்தக்க வேலை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கும், கடல் கடந்தும் வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த முறை தெரிந்திருப்பது நல்லது.

கண்ணாடிக் கூடம் எது?

பிரிட்டனில் பல வீடுகளின் பின்புறத்தில் ஓர் அறை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் நாற்புறமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ஆங்கிலத்தில் 'கன்சர்வேட்டரி' என்பார்கள். குளிர் நாட்டில் வெயில் அரிது. வருகிற வெயிலை வீட்டுக்குள் பிடித்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு. முன்னொரு காலத்தில் செல்வந்தர்கள் ஆரஞ்சு மரங்களைப் பனிக்காலத்தில் காப்பாற்ற இத்தகைய கூடங்களைக் கட்டினார்கள். 1845ஆம் ஆண்டில் கண்ணாடி மீதிருந்த வரி நீங்கிய பிறகு கண்ணாடி மலிவாயிற்று. பிற்காலத்தில் வெள்ளை பிளாஸ்டிக் சட்டங்களும் இரட்டைக் கண்ணாடியும் வந்தபின், சாதாரணக் குடும்பங்களின் வீடுகளிலும் இந்தக் கூடம் இடம்பிடித்தது. சில வீடுகளில் கூரைக்கு மட்டும் பாலிகார்பனேட் என்னும் கெட்டி பிளாஸ்டிக் தகடு போட்டிருப்பார்கள்.

நமக்கும் கண்ணாடிக் கூடத்துக்கும் உறவு இல்லை என்று நினைக்காதீர்கள். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகள் விதைக்கப்பட்டது, லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில்தான். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன் வெட்டிய மரங்களின் மூதாதையர் கண் விழித்த இடம் கண்ணாடிக் கூரையின் கீழே!

இன்று நம் பக்கத்திலேயே பெரிய கண்ணாடிக் கூடங்கள் உள்ளன. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'கார்டன்ஸ் பை தி பே' பூந்தோட்டத்து மலர்க்கூடம் 38 மீட்டர் உயரம். அதில் 3,332 கண்ணாடிப் பலகைகள். அது கயிறு கட்டி ஏறும் பயிற்சி பெற்றவர்கள் பார்க்க வேண்டிய இடம். நாம் இங்கே பேசுவது வீட்டளவுக் கூடத்தைப் பற்றி. கண்ணாடி போர்ட்டிக்கோ, உணவகத்துக் கண்ணாடிக் கூரை, கடைகளின் கண்ணாடி முகப்பு எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

உட்புறம் ஏன் தனி வேலை?

வெளிக் கண்ணாடியை மழையாவது கொஞ்சம் கழுவும். உட்புறத்தைக் கழுவ மழை வருமா? மனிதர் மூச்சு, செடிகள் விடும் ஈரம், சமையல் ஆவி எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகின்றன. அந்த ஈரத்தில் தூசு ஒட்டுகிறது. மூலைகளில் கரும் பூஞ்சணம் படர்கிறது. கூரைச் சட்டங்களில் சிலந்தி வலை. சன்னல் விளிம்பில் செத்த ஈக்கள். பழைய எண்ணெய்ப் பசை மேலே ஏறினால் வெயில் அடிக்கும்போது கண்ணாடி முழுவதும் மேகம் மூடியதுபோல் தெரியும். வெளிச்சத்துக்காகக் கட்டிய கூடம் வெளிச்சத்தையே இழந்துவிடும்.

கை வைக்குமுன் கண் வையுங்கள்

தொழில் தெரிந்தவர் வந்ததும் வாளியைத் தேட மாட்டார், சுற்றிப் பார்ப்பார். கூரை கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? எங்காவது கீறல், வெடிப்பு, ஒழுக்கு இருக்கிறதா? இருந்தால் வீட்டுக்காரரை அழைத்து முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். இல்லையேல் பழைய கீறலுக்குப் புதுப் பழி உங்கள் தலையில் விழும்.

இரட்டைக் கண்ணாடிகளின் நடுவே பனிபோல் மங்கல் இருந்தால், அதன் அடைப்பு பழுதாகிவிட்டது என்று பொருள். எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. அதையும் முதலிலேயே சொல்லுங்கள். செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று சொல்பவரைத்தான் மறுமுறையும் கூப்பிடுவார்கள்.

பிறகு நாற்காலி, செடித் தொட்டி, திரைச்சீலை எல்லாவற்றையும் அகற்றுங்கள். தரைக்கு விரிப்புப் போடுங்கள். விசிறி, விளக்குகளின் மின்சாரத்தை நிறுத்துங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். சூடான கண்ணாடியில் சோப்பு நீர் உடனே காய்ந்து கோடு கோடாக நிற்கும். காலை நேரமோ, மேகமூட்டமான நாளோ ஏற்றது.

மேலிருந்து கீழே, உலர்விலிருந்து ஈரத்துக்கு

இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதித் தொழில் இதில் அடங்கிவிடும்.

முதலில் உலர் வேலை. நீண்ட கோலில் மென்மையான தூரிகை கட்டி, கூரை உச்சியிலிருந்து வலையையும் தூசியையும் இறக்குங்கள். தூசி இருக்கும்போதே தண்ணீர் பட்டால் சேறாகும். அதில் மணல் துகள் இருந்தால் துணியோடு சேர்ந்து கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல் பட்டையில் விழுந்த காயம்போல. அழித்து எடுக்க முடியாது.

அடுத்தது கூரை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். நுரை பொங்கினால் அதைக் கழுவி எடுப்பதே இன்னொரு வேலையாகிவிடும். துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். உள்ளே வேலை செய்கிறோம், மேலிருந்து தண்ணீர் கொட்டினால் விளக்குக்குள்ளும் சுவருக்குள்ளும் இறங்கும். பிளாஸ்டிக் கூரைக்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் தின்னரும் கூடவே கூடாது. தகடு மங்கி, நுண்ணிய வெடிப்புக் காணும். சுரண்டும் நாரும் ஆகாது.

மூன்றாவது சட்டங்களும் மூலைகளும். வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்துக்கும் மென்மையான சோப்பு நீரே நல்லது. கதவு ஓடும் பள்ளத்தைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். சட்டத்தின் அடியில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை.

நான்காவதுதான் சுவர்க் கண்ணாடி. ஈரத் துணியால் தேய்த்து அழுக்கை இளக்கிவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த வழிப்பானால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். கடைகளில் 'ஸ்குவீஜி' என்று கேட்டால் கொடுப்பார்கள். அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் இத்தாலியர், ஒற்றை ரப்பர் விளிம்பு கொண்ட இலேசான பித்தளை வழிப்பானைச் செய்து 1936ஆம் ஆண்டு உரிமைப் பதிவு பெற்றார். இன்றும் உலகெங்கும் சன்னல் துடைப்பவர்கள் கையில் இருப்பது அந்த வகைதான். அந்தக் கருவிக்கு உயிர் ரப்பர் விளிம்பே! ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு விளிம்பைத் துணியால் துடையுங்கள். அடுத்த இழுப்பு முந்தியதன் மேல் விரற்கடை ஏறி வரட்டும். விளிம்பு தேய்ந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கூர் மழுங்கிய கத்தியால் பால் வெட்டுவீர்களா?

கடைசியில் சன்னல் திட்டு, அதன் பிறகு தரை. முடித்ததும் நேராக மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். நேரில் மறைந்த கோடு சாய்வில் தெரியும்.

உயிர் விலை பேச வேண்டாம்

இரண்டு ஆபத்துகளை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

முதலாவது மருந்துக் கலப்பு. பூஞ்சணத்துக்குச் சிலர் பிளீச் போடுவார்கள். சிலர் வினிகர் போடுவார்கள். இரண்டையும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சுதான். கண்ணாடிக் கூடம் சன்னல்கள் சாத்திய பெட்டி. அங்கே அந்தக் காற்று நுரையீரலைச் சுட்டுவிடும். ஒரு வேலைக்கு ஒரு மருந்து, கையில் உறை, சன்னல் கதவெல்லாம் திறப்பு என்பதை விதியாகக் கொள்ளுங்கள். வீட்டில் குளியலறை கழுவும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது ஏணி. கண்ணாடி மேல் ஏணியைச் சாய்க்கக் கூடாது. தானே நிற்கும் மடக்கேணி வேண்டும். அதன் உச்சிப் படியில் நிற்கக் கூடாது. நாற்காலி மேல் நாற்காலி அடுக்குவது வேலையல்ல, வினை. எட்டாத இடத்துக்கு நீளக் கோல் இருக்கிறது. உயரத்தில் செய்யும் வேலை பற்றிய பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகள் முதலில் கேட்பதே, "இதைத் தரையில் நின்று செய்ய முடியாதா?" என்பதைத்தான். மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்து, மேலும் பல வேலையிடங்களை அதன் கீழ் கொண்டுவந்தது. "கொஞ்சம் ஏறிப் பார் தம்பி" என்று முதலாளி சொன்னால், பாதுகாப்பு எங்கே என்று கேட்பது அடாவடி அல்ல, உரிமை.

கூலியும் மானமும்

என்னிடம் படித்த ஒருவனைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் கண்டேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மா கண்ணாடி தொடைக்கிற வேலைதான் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற அவன் தாயாரும் பேச்சை மாற்றினார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் அவன் தன் வேலையை விவரித்தபோது நான் கையைக் கழுவ மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விவரம் அவனுக்குத் தண்ணீர் பட்டபாடு. அவன் வாயிலிருந்து வரக்கூடாத சொல் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் 'சும்மா'.

அந்தச் சொல் மானத்தை மட்டுமா குறைக்கிறது? கூலியையும் குறைக்கிறது. நம் வேலையை நாமே சும்மா என்றால், காசு கொடுப்பவர் வேறு என்ன சொல்வார்? ஆகவே விலை சொல்லுமுன் கணக்குப் போடுங்கள். எத்தனை கண்ணாடிப் பலகை, கூரை உண்டா, உயரம் எவ்வளவு, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், போக்குவரவு, துணி, மருந்து, கருவித் தேய்மானம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாய்க்கு வந்த தொகை சொல்பவரிடம் பேரம் பேசுவார்கள். தாளில் கணக்குக் காட்டுபவரிடம் கையெழுத்துப் போடுவார்கள்.

நிறுவனத்தில் சேர்கிறவர்கள் சேருமுன் விசாரியுங்கள். சிங்கப்பூரில் 2014 முதல் துப்புரவு நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். தொழிலாளருக்குப் பயிற்சி தரவேண்டும். படிப்படியாக உயரும் சம்பள முறையும் அங்கு உண்டு. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது என்பதை இங்கிருந்து போகிறவர்கள் அறிந்து செல்லவேண்டும். மலேசியாவில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கென 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெர்கேசோ பாதுகாப்புத் திட்டம் உண்டு. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்த அது, பின்னர் பிற தொழில்களுக்கும் விரிந்தது. பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கால் தவறிய பிறகு பதிய முடியாது.

பெற்றோர்களே! பிள்ளை படித்து உயர்ந்த வேலைக்குப் போகவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்காகத்தான் தினமும் கரும்பலகை முன் நிற்கிறேன். ஆனால் துப்புரவுத் தொழிலை ஒரு பிள்ளை முறையாகக் கற்று, நேர்மையாகச் செய்து, நியாயமான கூலி வாங்கி வந்தால், நாலு பேர் முன்னிலையில் பேச்சை மாற்றாதீர்கள். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள். கேட்பவர்கள் கற்றுக்கொள்ளவும் அதில் நிறைய இருக்கிறது.