பெயரீற்றில் ஒரு வரலாறு

நுழையும்முன்

ஒருவரை நோக்கி, "நீ யார்?" என்று கேட்பதும் "நீ யாருடைய மகன்?" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் வினா ஆளை அறிய விரும்புகிறது. இரண்டாம் வினா அவருடைய வேரை அறிய விரும்புகிறது. கிரேக்க மக்களின் குடும்பப்பெயர்களுள் பெரும்பாலானவை இரண்டாம் வினாவிற்கு விடையாகத் தோன்றியவை. அப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் சிறு விகுதி தந்தையைச் சுட்டும். பிறந்த நிலப்பகுதியைச் சுட்டும். சில வேளைகளில் இழந்த ஊரையும் சுட்டும். மகளின் பெயரோ வேறொரு செய்தியைச் சொல்லும். அவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஒற்றைப் பெயரும் தந்தை பெயரும்

பண்டைக் கிரேக்கர் தம் குழந்தைக்கு ஒரே ஒரு பெயரையே இட்டனர். தலைமுறைதோறும் மாறாமல் தொடரும் குடும்பப்பெயர் அவர்களிடம் வழக்கில் இல்லை. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் தந்தையின் பெயரை ஆறாம் வேற்றுமையில் அமைத்து, மகனின் பெயருக்குப்பின் சேர்த்தனர். பொ.ஆ.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸின் தலைவராக விளங்கிய பெரிக்ளிஸின் தந்தை சாந்திப்போஸ். எனவே மகனைப் 'பெரிக்ளிஸ் சாந்திப்பூ' என்று வழங்கினர். 'சாந்திப்பூ' என்பதற்குச் 'சாந்திப்போஸினுடைய' என்பது பொருள். 'மகன்' என்னும் சொல் வெளிப்படையாக வருவதில்லை. வேற்றுமை வடிவமே அப்பொருளை உணர்த்தி நிற்கும்.

பெரிக்ளிஸ் தம் மூத்த மகனுக்குச் சாந்திப்போஸ் என்று பெயரிட்டார். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது கிரேக்கரின் தொன்மையான வழக்கம். இன்றும் பல கிரேக்கக் குடும்பங்களில் அது தொடர்கிறது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால் மகனின் மகனைப் 'பெயரன்' என்று அழைத்த தமிழர்க்கு இவ்வழக்கின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

தந்தை பெயரைக் காட்ட மற்றொரு வழியும் இருந்தது. ஹோமரின் காப்பியங்களில் வீரர்கள் தந்தை பெயருடன் '-இடிஸ்' என்னும் விகுதி சேர்த்து அழைக்கப்படுகின்றனர். பீலியஸின் மகன் அக்கிலிஸ், 'பீலைடிஸ்' ஆகிறான். ஏட்ரியஸின் மகன் அகமெம்னான், 'ஏட்ரைடிஸ்' ஆகிறான். வீரனின் பெயரைச் சொல்லாமல் விகுதி சேர்ந்த தந்தை பெயரை மட்டும் சொன்னாலே கேட்போர் ஆளை அறிந்துகொண்டனர். புகழ்பெற்ற தந்தையின் மகனுக்கு அது பெருமை. அத்தகைய தந்தை இல்லாதவனின் நிலை என்ன? இவ்வினா ஏதென்ஸ் நகரில் அரசியல் வினாவாகவே எழுந்தது.

தந்தை பெயரா, ஊர்ப்பெயரா?

பொ.ஆ.மு. 508ஆம் ஆண்டை ஒட்டி, கிளைஸ்தனிஸ் என்பவர் ஏதென்ஸின் ஆட்சிமுறையைச் சீரமைத்தார். அட்டிக்கா நிலப்பகுதியின் மக்கள் ஏறத்தாழ 140 ஊர்ப்பிரிவுகளில் பதிவு செய்யப்பட்டனர். அப்பிரிவிற்கு 'டெமோஸ்' என்று பெயர். குடிமக்கள் இனித் தந்தையின் பெயராலன்றித் தத்தம் ஊர்ப்பிரிவின் பெயரால் அறியப்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். புதிதாகக் குடியுரிமை பெற்றோரைத் தந்தையின் பெயர் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்று, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதேனியர்களின் அரசியலமைப்பு' என்னும் நூல் கூறுகிறது. உயர்குடியில் பிறந்தவனும் நேற்றுக் குடிமகனானவனும் ஒரே ஊர்ப்பெயரைத் தாங்கி அவையில் நிற்க வேண்டும் என்று அச்சீர்திருத்தம் கருதியது.

ஆயினும் பழைய வழக்கம் எளிதில் மறையவில்லை. மக்களாட்சிக்கு ஊறு விளைவிப்பார் என்று கருதப்பட்டவரைப் பத்தாண்டுகள் நாடுகடத்த, ஏதென்ஸ் மக்கள் உடைந்த பானையோட்டில் அவர் பெயரைக் கீறி வாக்களித்தனர். அகழாய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன. தெமிஸ்டாக்ளிஸுக்கு எதிரான ஓடுகளுள் சிலவற்றில் அவர் தந்தை நியோக்ளிஸின் பெயர் உள்ளது. வேறு சிலவற்றில் அவரது ஊர்ப்பிரிவான ஃபிரெயாரியின் பெயர் உள்ளது. பிற்காலத்தில் இயற்பெயர், தந்தை பெயர், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுப்பெயர் என்றாயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. ஒருவர் எந்த ஊர்ப்பிரிவைச் சேர்ந்தவர் என்பது அவர் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்ததன்று. தந்தையின் ஊர்ப்பிரிவே மகனுக்கும் உரியது. வேறிடத்தில் வீடு கட்டிக் குடியேறினாலும் அது மாறாது. தந்தை பெயருக்கு மாற்றாக வந்த ஊர்ப்பெயரும் தந்தை வழியாகவே மகனை அடைந்தது.

விகுதி காட்டும் நிலப்படம்

தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர்கள் பைசாந்தியப் பேரரசின் காலத்தில் உயர்குடியினரிடம் வேரூன்றின. கொம்னினோஸ், பாலையோலோகோஸ் முதலிய அரச மரபினரின் பெயர்கள் அத்தகையன. பொதுமக்களிடம் அவை நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வாறு நிலைபெற்றபோது, நிலப்பகுதிக்கு ஒரு விகுதி சிறப்பாக வழங்கலாயிற்று.

'-ஓபுலோஸ்' என்பது பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் மிகுதியாக வழங்கும் விகுதி. பறவை, விலங்கு ஆகியவற்றின் குஞ்சையும் குட்டியையும் குறித்த 'புல்லுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். பின்னர் அது 'மகன்' என்னும் பொருளில் நிலைத்தது. யானிஸ் என்பவரின் மகன் 'யானோபுலோஸ்'.

கிரீட் தீவிற்குரியது '-ஆகிஸ்'. இது சிறுமைப்பொருள் விகுதி. சிறியது என்பதையும் அன்பிற்குரியது என்பதையும் ஒருங்கே உணர்த்துவது. இசையமைப்பாளர் மிகிஸ் தியோடோராகிஸ் 1925இல் கியோஸ் தீவில் பிறந்தார். அவர் தந்தையோ கிரீட்டைச் சேர்ந்தவர். 'தியோடோரோஸின் சிறுவன்' எனப் பொருள்படும் பெயரின் ஈறு, அவரது வேர் கிரீட்டில் உள்ளதைக் காட்டிவிடுகிறது. எழுத்தாளர் நிகோஸ் கசன்ட்சாகிஸின் பெயரில், கொப்பரை செய்பவரைக் குறிக்கும் துருக்கிச் சொல்லும் கிரீட்டின் விகுதியும் இணைந்துள்ளன. ஆட்சி செய்தவர்களின் மொழியும் ஆளப்பட்டவர்களின் மொழியும் ஒரே பெயருக்குள் வாழ்கின்றன.

மானி தீபகற்பத்தின் லக்கோனியப் பகுதியில் '-ஆகோஸ்' என்பதும், மெசினியப் பகுதியில் '-ஏயாஸ்' என்பதும் வழங்குகின்றன. லெஸ்போஸ் தீவில் '-எல்லிஸ்', கெஃபலோனியாத் தீவில் '-ஆட்டோஸ்' ஆகியவை மிகுதி. சைப்ரஸில் தந்தையின் இயற்பெயரே ஆறாம் வேற்றுமை வடிவில் குடும்பப்பெயராகும். யோர்கியோஸின் மகன் 'யோர்கியு'. நிகோலாஸின் மகன் 'நிகோலாவு'. முற்காலத்தில் அங்கு இப்பெயர் தலைமுறைதோறும் மாறிக்கொண்டே வந்தது. பெரிக்ளிஸ் காலத்து வழக்கம் அத்தீவில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது எனலாம்.

தெரியுமா?

'எல் கிரெக்கோ' என்று உலகம் அறிந்த ஓவியர், 1541இல் கிரீட் தீவில் பிறந்து ஸ்பெயின் நாட்டின் டொலிடோ நகரில் வாழ்ந்தவர். 'கிரேக்கர்' என்பதே அப்புனைபெயரின் பொருள். ஆயினும் தம் ஓவியங்களில் அவர் 'டொமெனிகோஸ் தியோடோகோபுலோஸ்' என்னும் முழுப்பெயரைக் கிரேக்க எழுத்துகளிலேயே ஒப்பமிட்டார். சிலவற்றில் 'கிரீட்டைச் சேர்ந்தவன்' என்னும் சொல்லையும் சேர்த்தார். கிரீட்டில் பிறந்த அவர் பெயரின் ஈறு '-ஆகிஸ்' அன்று என்பதும் கருதத்தக்கது. விகுதி நிலத்தைச் சுட்டும் குறியேயன்றி மாறாத விதியன்று.

ஒரு குடும்பப்பெயர் பிறந்த கதை

கிரேக்க நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் 'பாபடோபுலோஸ்'. 'பாபாஸ்' என்பது குருவைக் குறிக்கும். எனவே இதன் பொருள் 'குருவின் மகன்'. குருவுக்கு மகன் எவ்வாறு என்று வியக்க வேண்டா. திருமணமானவர் குருப்பட்டம் பெறுவதைக் கிழக்கு மரபுவழித் திருச்சபை ஏற்கிறது. ஊர்தோறும் குருவும் அவர் குடும்பமும் இருந்தமையால் அப்பெயர் எங்கும் பரவியது.

குருவின் இயற்பெயரோடு 'பாப' என்னும் முன்னொட்டுச் சேர்ந்தும் பெயர்கள் தோன்றின. கிரேக்கத்தின் தலைமையமைச்சராக விளங்கிய யோர்கியோஸ் பாபந்திரேயு, 1888இல் பெலொப்பொனீஸின் கலென்ட்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தை அந்திரேயாஸ் ஸ்டாவ்ரோபுலோஸ், ஒரு குரு. மகனோ ஸ்டாவ்ரோபுலோஸ் என்னும் பழைய பெயரை விடுத்து, 'குரு அந்திரேயாஸினுடைய' எனப் பொருள்படும் பாபந்திரேயு என்னும் பெயரால் அறியப்பட்டார். அவர் தம் மகனுக்கு அந்திரேயாஸ் என்று பெயரிட்டார். அந்திரேயாஸின் மகன் மீண்டும் யோர்கியோஸ். தாத்தா, மகன், பேரன் ஆகிய மூவருமே தலைமையமைச்சர் ஆயினர். சிற்றூர்க் குரு ஒருவரின் இயற்பெயர், மூன்று தலைமுறைகளுக்கு ஒரு நாட்டின் அரசியலில் ஒலித்தது.

இடம்பெயர்ந்த பெயர்கள்

கருங்கடலின் தென்கரையில் உள்ள பொன்டஸ் பகுதியிலும் சிற்றாசியாவிலும் வாழ்ந்த கிரேக்கரிடம் இருவகை ஈறுகள் வழங்கின. ஒன்று ஹோமர் கால '-இடிஸ்'. பாவ்லோஸின் மகன் 'பாவ்லிடிஸ்'. மற்றொன்று துருக்கி மொழியில் 'மகன்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்த '-ஓக்லு'. கொல்லரின் மகன் 'டெமிர்ட்சோக்லு'.

1922இல் கிரேக்க-துருக்கிப் போர் முடிவுற்றபோது பலர் உயிருக்கு அஞ்சிக் கிரேக்கத்திற்கு ஓடிவந்தனர். 1923இல் லோசான் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, மக்கட்பரிமாற்றத்தைக் கட்டாயமாக்கியது. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்தில் குடியமர்ந்தனர். ஏறத்தாழ 4 இலட்சம் இசுலாமியர்கள் அங்கிருந்து துருக்கிக்குச் சென்றனர். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்களுடன் அவர்களது பெயரும் வந்தது. சிலர் '-ஓக்லு' என்பதை '-இடிஸ்' எனவும் '-ஓபுலோஸ்' எனவும் மாற்றிக்கொண்டனர். மாற்றாதவர் பலர். அவர்கள் பெயரின் ஈற்றில், திரும்பிச் செல்ல இயலாத ஊர் இன்றும் நிற்கிறது.

கடல் கடந்து அமெரிக்காவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் சென்றோர், பிறர் ஒலிக்க எளிதாகத் தம் பெயரைச் சுருக்கினர். இசைநாடகப் பாடகி மரியா காலஸின் குடும்பப்பெயர் முதலில் 'கலோயெரோபுலோஸ்' என்றிருந்தது. 'துறவியின் மகன்' என்பது அதன் பொருள். நியூயார்க்கில் குடியேறிய அவர் தந்தை அதனைச் சுருக்கிக்கொண்டார். நீண்ட பெயரின் முற்பகுதியை நீக்கி, 'புலோஸ்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டோரும் உளர். அப்பெயரில் 'மகன்' என்னும் பொருள் மட்டுமே எஞ்சுகிறது. யாருடைய மகன் என்பது மறைந்துவிடுகிறது.

மகளின் பெயர்

இதுவரை கண்டவை யாவும் 'மகன்' என்றே பேசுகின்றன. மகளின் பெயர் என்னவாகும்? தந்தையின் குடும்பப்பெயர் பாபடோபுலோஸ் எனில் மகளின் பெயர் 'பாபடோபுலூ'. தியோடோராகிஸ் எனில் 'தியோடோராகி'. நடிகையும் பண்பாட்டுத்துறை அமைச்சருமான மெலினா மெர்கூரியின் தந்தை பெயர் மெர்கூரிஸ். இவ்வடிவங்கள் ஆறாம் வேற்றுமையில் அமைந்தவை. ஆணின் குடும்பப்பெயர் பொதுவாக எழுவாயாய் நிற்க, பெண்ணின் குடும்பப்பெயர் கிழமைப்பொருளில் நிற்கிறது. 'பாபடோபுலோஸ்' என்றால் அவர் குருவின் மகன். 'பாபடோபுலூ' என்றால் அவர் பாபடோபுலோஸுக்கு உரியவர்.

உரியவர் என்னும் அவ்வுறவு திருமணத்தால் கைமாறியது. மணமாகும்வரை தந்தையின் பெயர்; மணமானபின் கணவனின் பெயர். பண்டைய ஏதென்ஸின் கல்லறைக் கற்களிலும் பெண்கள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே குறிக்கப்பட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இலக்கணமும் சமூகமும் அந்நிலையிலிருந்து பெரிதும் விலகவில்லை.

1983ஆம் ஆண்டில் கிரேக்கத்தின் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டது. சீதனமுறையை நீக்கிய அச்சட்டம், மணமான பின்னரும் பெண்ணின் பிறப்புக் குடும்பப்பெயரே அவரது சட்டப்பெயராகத் தொடரும் என்று வகுத்தது. பிறக்கவிருக்கும் குழந்தைகள் தந்தையின் பெயரைத் தாங்குவதா, தாயின் பெயரைத் தாங்குவதா, இரண்டையும் இணைத்துத் தாங்குவதா என்பதைத் திருமணத்திற்கு முன்பே இருவரும் கூடி முடிவு செய்யவும் வழிவகுத்தது. அப்போதைய தலைமையமைச்சர், குரு அந்திரேயாஸின் பெயரைத் தாங்கிய அந்திரேயாஸ் பாபந்திரேயு என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வேற்றுமை வடிவம் மாறவில்லை. மகளின் பெயர் இன்றும் 'பாபடோபுலூ' தான். ஆனால், அதனை மணநாளில் கைவிட வேண்டும் என்னும் கட்டாயம் இன்று இல்லை. தந்தை பெயர் ஒருவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கிளைஸ்தனிஸ் கருதினார். தந்தையின் பெயரையோ கணவனின் பெயரையோ சாராமல் ஒருவரால் அறியப்பட முடியுமா என்பதே அன்றும் இன்றும் நிற்கும் வினா. கிரேக்கரின் குடும்பப்பெயர்கள், அவ்வினாவிற்குக் காலந்தோறும் எழுதப்பட்ட விடைகள்.

கற்பவை கற்றபின்...

1. கிளைஸ்தனிஸின் பெயர்ச் சீர்திருத்தம் எந்த அளவில் வென்றது, எந்த அளவில் தோற்றது என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரின் முழுப்பெயர்களையும் தலைப்பெழுத்துகளையும் திரட்டி, அவை யாரைச் சுட்டுகின்றன என்பதை அட்டவணைப்படுத்துக.

3. 'பெயரில் தாய்க்கும் இடம் உண்டு' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.