சம்சாரியின் மேல் சுமத்திய பழி

கரிசல் பூமியின் சம்சாரியைப் பற்றி ஒரு பழி நெடுநாளாக வழங்கி வருகிறது. அவன் முன்யோசனை இல்லாதவனாம்; தை மாதத்தில் உளுந்து விற்ற பணத்தைப் பங்குனிக்குள் செலவழித்துவிட்டு, புரட்டாசியில் விதையும் உரமும் வாங்க வட்டிக் கடைப் படியேறுகிறவனாம்; பயிர்க் காப்பீட்டின் கெடுவைத் தவறவிட்டுப் பின்னர் வருந்துகிறவனாம். இவ்வாறு பேசுவோர் உத்தியோகஸ்தர் மாத்திரமல்லர்; பொதுஜன சேவையில் ஈடுபட்ட நம்மவரிலும் சிலர் உண்டு. ஆகவே இது நியாயந்தானா என்று விசாரிப்பது நமது கடமையாகிறது.

மனிதன் லாப நஷ்டத்தைக் கணக்கிட்டே எக்காரியத்தையும் செய்கிறான் என்பது பழைய பொருளாதார சாஸ்திரத்தின் துணிபு. அவன் உண்மையில் எவ்வாறு தீர்மானிக்கிறான் என்பதைப் பரீட்சித்து அறிவது நடத்தைப் பொருளாதாரம் என்னும் புதிய துறை. டேனியல் கானெமன் 2002-லும் ரிச்சர்ட் தேலர் 2017-லும் நோபல் பரிசு பெற்றது இத்துறையில் செய்த தொண்டுக்காகவே.

இதன் பிரசித்தமான பரீட்சை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவோ ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்து, 2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டனர். கரும்பு வெட்டுமுன் ஒரு முறையும், பணம் கைக்கு வந்தபின் ஒரு முறையும் அதே மனிதருக்கு அறிவுப் பரீட்சை வைத்தார்கள். வெட்டுமுன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே. வெட்டுமுன் வைத்த பரீட்சையில் அவர்களுடைய தேர்ச்சி தெளிவாகக் குறைந்திருந்தது. ஆலைகள் முறை வைத்து வெட்டுவதால், இதைப் பருவ காலத்தின் விளைவென்று தள்ளவும் இயலாது.

ஆள் அதே ஆள்தான். நாளைய வட்டிக்கு வழியென்ன என்ற கவலை மனத்தை அடைத்துக் கொள்ளும்போது, அடுத்த மாதக் காரியத்துக்கு அங்கே இடமேது?

கரும்புக்காரருக்காவது ஆலை உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்து மானாவாரிச் சம்சாரிக்கு வானமே துணை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறான். முளைத்தபின் மழை ஏமாற்றினால் மறுபடி விதைக்கிறான். கையிருப்பு வற்றிய அந்த நாட்களில்தான் விதை, உரம், கடன் ஆகிய எல்லாத் தீர்மானங்களும் அவன் தலையில் விழுகின்றன. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் பிரீமியமும் அப்போதே. ராபி பருவத்தில் உளுந்து, பாசிக்கு நூற்றுக்கு ஒன்றரை. பருத்தி, மிளகாய்க்கு ஐந்து வரை. தொகை சிறிதுதான். ஆனால் சிட்டா, அடங்கல், பாங்கிப் புத்தகம் என்று அலையவேண்டிய நாளும், வட்டிக்காரர் வாசலில் நிற்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. கென்யா தேசத்தில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் ஆகியோர் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு உரத்துக்குப் பணம் கட்டுவோருக்கு அதை வீட்டுக்கே இனாமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். உர உபயோகம் உயர்ந்தது. பின்னர் உரமிடும் சமயத்தில் விலையைப் பாதியாகக் குறைத்தால் எவ்வளவு பலன் விளையுமோ, ஏறக்குறைய அவ்வளவு பலன் இந்தச் சிறு சலுகையால் விளைந்தது.

இங்கும் அது கூடாதா? தையிலும் மாசியிலும் களத்தில் தானியம் கிடக்கையிலேயே, கூட்டுறவுச் சங்கங்கள் வரும் பருவத்து விதைக்கும் பிரீமியத்துக்கும் உரிய பணத்தைச் சம்சாரியின் சம்மதத்துடன் ஒதுக்கி வைக்கலாம். சர்க்கார் காகிதங்களை அப்போதே சரிபார்த்து முடிக்கலாம். நியாயமான விலைக்கும் காலத்தில் வரும் நஷ்டஈட்டுக்கும் இது மாற்றாகாது. அவற்றுக்கான கிளர்ச்சி நடந்தே தீரவேண்டும். எனினும் கெடுவைத் தள்ளி வைக்கப் பெரும் பொக்கிஷம் தேவையில்லை; மனம் ஒன்றே தேவை.

கிராமந்தோறும் தொண்டு செய்யும் அன்பர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே: புரட்டாசியில் சம்சாரிக்கு உபதேசம் செய்யப் போகாதீர்கள், தையிலே அவன் களத்துக்குப் போங்கள்.