ஒரு கைப்பிடி புதுக்கதிர்!

ஆடி மாசம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தள்ளுபடி, கூழ், லவுட் ஸ்பீக்கர்... அவ்வளவுதானே? எங்க நாஞ்சில் நாட்டுக்கு வாங்க. அங்கே ஆடியில ஒருநாள் விடியறதுக்கு முன்னாடியே வீட்டுல எல்லாரையும் எழுப்பி விட்டுடுவாங்க. சொட்டச் சொட்டக் குளிச்சிட்டு கோயிலுக்கு ஓடணும். அங்கே விபூதி, குங்குமத்தோட கையில தர்ற பிரசாதம் என்ன தெரியுமா? ஒரு கைப்பிடி நெற்கதிர்!

இதுதான் 'நிறைபுத்தரிசி'. புத்தரிசின்னா புது அரிசி. வீடு நிறையணும், பத்தாயம் நிறையணும்கிறதுதான் அந்த 'நிறை'. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில், சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், நாகர்கோவில் நாகராஜா கோயில், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில்னு மாவட்டம் முழுக்க இது நடக்கும். கன்னியாகுமரியில கதிர்க்கட்டுகள் முதல்ல அறுவடை சாஸ்தா கோயிலுக்கு வரும். அங்கே பூஜை முடிஞ்சதும் மேளதாளத்தோட ஊர்வலமா பகவதி அம்மன் சந்நிதிக்குப் போகும். அம்மன் முன்னாடி வெச்சுப் பூஜை பண்ணிட்டு பக்தர்களுக்குக் கொடுப்பாங்க. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைப்படியிலோ, பூஜை அறையிலோ கட்டித் தொங்கவிட்டா வருஷம் முழுக்க சோத்துக்குப் பஞ்சம் வராதுங்கிறது நம்பிக்கை.

ஆடியிலயே அறுப்பா?

'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னுதானே படிச்சோம், ஆடியில எப்படி அறுப்புன்னு கேட்கறீங்களா? நல்ல கேள்வி! எங்க ஊர்ல நெல்லுக்கு ரெண்டு போகம். புரட்டாசியை மலையாளக் கணக்குல 'கன்னி'ம்பாங்க. அதை ஒட்டி அறுப்பு முடியறது கன்னிப்பூ. மாசியை 'கும்பம்'ம்பாங்க, அப்போ அறுக்கறது கும்பப்பூ. ஆடிக் கடைசியில கன்னிப்பூ வயல் பெரும்பாலும் பச்சையாத்தான் நிக்கும். முந்தி விதைச்ச ஒண்ணு ரெண்டு வயல்ல மட்டும் கதிர் பழுத்திருக்கும். அந்த முதல் கதிருக்குத்தான் இவ்வளவு மரியாதை.

இன்ஜினீயரிங் படிக்கிற பையன்கிறதால ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இங்கே நிறைய பேர் போடற அம்பை 16 ரகத்துக்கு வயசு சுமார் 110 நாள். ஆகஸ்ட் 10-க்குக் கதிர் வேணும்னா, ஏப்ரல் 20 வாக்குல விதை மண்ணுல விழுந்தாகணும். ஆனா, பேச்சிப்பாறை அணையைப் பாசனத்துக்குத் திறக்கறது வழக்கமா ஜூன் மாசம்! அப்போ ஏப்ரல்ல தண்ணி? கோடை மழையும் குளத்துத் தண்ணியும்தான். மழையை நம்பிக் காஞ்ச புழுதியிலயே விதைக்கிற 'பொடிவிதை'ன்னு ஒரு முறையே எங்க ஊர்ல உண்டு. மழை ஏமாத்திட்டா விதையும் போச்சு. ஆக, கோயில்ல நம்ம கைக்கு வர்ற கதிருக்குப் பின்னாடி, நாலு மாசம் முன்னாடி ரிஸ்க் எடுத்த ஒரு விவசாயி இருக்கார்.

அந்தப் பேச்சிப்பாறை அணையே திருவிதாங்கூர் ராஜா காலத்துல, 1897-ல ஆரம்பிச்சு 1906-ல முடிஞ்சது. கட்டின இன்ஜினீயர் மிஞ்சின் துரை அணை பக்கத்துலயே அடக்கமாகியிருக்கார். சிவில் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், அந்தப் பக்கம் போனா ஒரு பூவாவது வெச்சுட்டு வாங்க!

அயர்லாந்துலயும் ஆடி!

இதே சீஸன்ல கடல் தாண்டியும் ஒரு புதுக்கதிர் விழா இருக்கு பாஸ். அயர்லாந்துல கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த 'லூனசா'. லூ-ங்கிற பழைய தெய்வத்தோட பேர்ல ஆகஸ்ட் 1-ஐ ஒட்டிக் கொண்டாடினாங்க. ஐரிஷ் மொழியில ஆகஸ்ட் மாசத்துக்கே இன்னிக்கும் லூனசான்னுதான் பேர். இங்கிலாந்துல அதே நாள் 'லாமஸ்'. புதுக் கோதுமையில சுட்ட ரொட்டியை சர்ச்சுக்குக் கொண்டுபோவாங்க. மெரில் ஸ்ட்ரீப் நடிச்சு 1998-ல வந்த 'டான்சிங் அட் லூனசா' படத்துக்குத் தலைப்பு இங்கிருந்து வந்ததுதான். பழைய இயற்கை வழிபாட்டைத் திரும்பப் பிடிச்சிருக்கிற குழுக்கள் இப்பவும் ஆகஸ்ட் 1-ல இதைக் கொண்டாடறாங்க.

மாய்ரே மக்னீல்ங்கிற ஆய்வாளர் 1962-ல லூனசாவைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே போட்டிருக்காங்க. அங்கே ஜூலைக்கு 'பசி ஜூலை'ன்னு பேராம். பழைய விளைச்சல் தீர்ந்துடும், புதுசு இன்னும் வந்திருக்காது. இதைச் சொன்னதும் எங்க ஆச்சி சிரிச்சுட்டாங்க. "இங்கயும் அதேதான் மக்கா. ஆடியில பத்தாயத்துக்குள்ள எறங்கி மூலையில கெடக்கத வழிச்சு எடுப்போம். அந்த நேரத்துல பழுத்த கதிரக் கண்டா கும்பிடாம என்ன செய்ய?"

கும்பிடறதுக்குக் காரணம் இங்கேயும் அங்கேயும் ஒண்ணுதான், பசி.

அறுத்தவங்க எங்கே நின்னாங்க?

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடணும். நாத்து நட்டு, களை பறிச்சு, கதிர் அறுத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் கதிர் போன கோயிலுக்குள்ள ஒரு காலத்துல இடம் இல்லை. 1936 நவம்பர் 12-ல திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. இன்னிக்கு வரிசையில நின்னு எல்லாரும் கை நீட்டறோம்ல, அதுக்கு வயசு இன்னும் நூறுகூட ஆகலை.

எங்க வீட்டுக் கதிர்

ஆச்சி வீட்டுல புத்தரிசி அன்னிக்கு பாட்டாவே விடியக்காலம் வயல்ல எறங்கி கதிர் அறுத்துட்டு வருவாராம். முத்தத்துல கோலம், குத்துவிளக்கு. கதிரைத் தலையில வெச்சு வீட்டைச் சுத்திக் கொண்டுவந்து நிலைப்படியில கட்டுவாங்க. நாலஞ்சு கதிரை உருவி, நகத்தால உமி உரிச்சு, அந்தப் பச்சரிசியைப் பழைய அரிசியோட சேர்த்துப் பாயசம். முதல் கரண்டி விளக்குக்கு. ரெண்டாவது, வயல்ல வேலை செஞ்சவங்களுக்கு. அப்புறம்தான் வீட்டு ஆளுங்க.

இப்போ கதிர் வருது, கோயில்லேர்ந்து. ஏன்னா வயல் இல்லை. வித்தாச்சு. எப்போன்னா... நான் காலேஜ்ல சேர்ந்த வருஷம். முதல் வருஷ ஃபீஸ் ரசீது இன்னும் என் ஃபைல்ல இருக்கு. வாங்கினவங்க அதுல வாழை போட்டாங்க. அடுத்த வருஷம் கல் நட்டாங்க. இது எங்க வீட்டுக் கதை மட்டும்னு நினைக்காதீங்க. நாகர்கோவிலைச் சுத்தி பஸ்ல ஒரு ரவுண்டு வாங்க. வயல் நடுவுல காம்பவுண்ட் சுவர், பக்கத்துல தென்னை, அதுக்கு அந்தாண்ட நாலுவழிச் சாலை. நடுவுல மிச்சம் இருக்கற பச்சையை எண்ணிடலாம்.

வயல் இருக்கறவங்களுக்கும் ஒரு சிக்கல். இப்போ அறுப்பு மெஷின்லதான். மெஷின் அறுக்கும்போதே நெல்லு தனி, வைக்கோல் தனியா துப்பிடும். கதிர்க்கட்டு வேணும்னா யாராவது அரிவாளோட இறங்கித்தான் ஆகணும். போன தடவை ஒரு விவசாயி அண்ணாச்சிகிட்ட பேசினேன். "கையால அறுக்க ஆள் கெடைக்க மாட்டேங்குப்பா. கோயிலுக்குன்னு கேட்டா நானே எறங்கி ரெண்டு கட்டு அறுத்துக் குடுப்பேன்"னார். 'நான் அறுக்கலாமா?'ன்னு கேட்டேன். அரிவாளைக் கொடுத்தார். பத்து நிமிஷத்துல விரல்ல வெட்டு, இடுப்புல பிடிப்பு! ஒரு கட்டுகூடத் தேறலை. அண்ணாச்சி வாயைப் பொத்திச் சிரிச்சிட்டு, நான் அறுத்த கொஞ்சத்தை வாழைநாரால கட்டி என் கையிலேயே கொடுத்துட்டார்.

அதை வீட்டுக்குக் கொண்டு போனேன். ஆச்சி வாங்கி மோந்து பார்த்தாங்க. "எந்த வயலு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "நம்ம வயலுக்கு ரெண்டு வரப்பு தள்ளி"ன்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை. ஸ்டூல் போடச் சொல்லி நிலைப்படியில கட்ட வெச்சாங்க.

நீங்களும் வரலாம்!

நாள், ஆடி மாசத்துல கோயிலுக்குக் கோயில் கணிச்சுச் சொல்வாங்க. ஜூலைக் கடைசியில கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பூஜை அதிகாலையில இருக்கும். நாகர்கோவில்ல முந்தின ராத்திரியே தங்கிடறது நல்லது. கதிர் வாங்கினதும் பையில திணிச்சு நசுக்கிடாதீங்க, நெல்லு உதிர்ந்துடும். அப்படியே திருப்பதிசாரம் பக்கம் ஒரு நடை போங்க. அங்கேதான் வேளாண் பல்கலைக்கழகத்தோட நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எங்க ஊர் கட்டிச்சம்பாவை ஐ.ஆர்.8-ஓட ஒட்டுச் சேர்த்து டி.பி.எஸ்.1 ரகத்தை உண்டாக்கினது இவங்கதான்.

முக்கியமா ஒண்ணு. கதிர் கையில வந்ததும் 'எந்த வயல்ல அறுத்தது?'ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேளுங்க. தெரிஞ்சா போய்ப் பார்த்துட்டு வாங்க. அடுத்த ஆடிக்கும் அந்த வயல் அங்கேயே இருக்கான்னு பார்க்க நானும் வருவேன். சந்திப்போம்!