சங்கறுக்கும் வாளரம்

சங்கை அறுத்து வளையல் செய்யும் ரம்பத்துக்குச் சங்க இலக்கியத்தில் வாளரம் என்று பெயர். அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் அதைச் சொல்கிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால் வளைகளை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சும் சங்கின் தலைப்பகுதியை, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாக்குகிறார். வளையலை விட்டுவிட்டுக் கழிவைப் பார்த்த அந்தக் கண் அபூர்வமானது.

மர ரம்பத்தின் பற்கள் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வளைக்கப்பட்டிருக்கும்; அறுப்பு அகலமாகி, தகடு சிக்காமல் ஓடும். சங்குக்கு மரம்போல நாரில்லை. அது சுண்ணாம்புப் படிகம். அங்கே பல் சீவுவதில்லை, தேய்க்கிறது. அதனால் பற்கள் பொடியாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும்.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், சங்கைப் பற்றி 1914இல் வெளியிட்ட நூலில் டாக்கா சங்கறுப்போரின் வாளை விவரிக்கிறார். அது பிறை வடிவில் அகன்ற, கனத்த தகடு. அறுப்பவர் தரையில் அமர்ந்து, சங்கைக் காலால் அழுத்திப் பிடித்து, இரு கையாலும் வாளை இடவலமாக ஓட்டுவார். தமிழ்க் கடற்கரையில் குளித்தெடுத்த சங்குகள் கப்பலேறி வங்கத்துக்குப் போன காலம் அது. கொற்கையிலும் காயலிலும் பழைய அறுப்புத் துண்டுகளை ஹார்னெலே கண்டெடுத்தார்.

இரும்பு துருப்பிடித்து மண்ணாகிவிடும். சங்குத் துண்டு நிலைக்கும். அறுத்த முகத்தில் பல் ஓடிய கோடுகள் தெரியும். பாதியில் நின்ற அறுப்பின் அடி குழிந்திருந்தால், வாளின் விளிம்பு வெளிப்புறம் வளைந்திருந்தது என்று பொருள். அறுப்பின் அகலம் தகட்டின் கனத்தைச் சொல்லும். சிந்துவெளியின் சங்குக் கழிவுகளை இப்படி ஆராய்ந்த ஜொனாதன் மார்க் கெனோயர், அங்கே ஓடிய வெண்கல ரம்பமும் வங்க வாளைப் போல வளைந்த விளிம்புடையதே என்று முடிவு கட்டினார்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையின் அரிக்கமேட்டிலும் சங்கு வளையல் உடைசல்கள் கிடைத்துள்ளன. 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வுக்குப் பின் அந்த மேடு ரோமானியச் சாடிகளுக்கும் கண்ணாடி மணிகளுக்கும் பேர்பெற்றது. சங்குக்கு அந்தப் பேரில் பங்கு கிடைக்கவில்லை. முழு வளையல் கண்ணாடிப் பேழைக்குப் போக, அறுத்த துண்டு மூட்டைக்குள் கிடப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். இது மாற வேண்டும். தேய்த்து மெருகேற்றிய வளையலில் பல்லின் தடம் அழிந்துவிடுகிறது. கழிவில்தான் அது மிஞ்சுகிறது. மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் துண்டுகளைப் பொறுக்கிச் செல்வதும் நிற்க வேண்டும். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் போனால், தடம் தெளிவாக இருந்தாலும் அதன் காலத்தைச் சொல்ல வழியில்லை.