200 யூனிட்டைத் தாண்ட வைக்கும் ஏ.சி.!

பெங்களூரில் மின்விசிறி இல்லாமலே காலம் தள்ளிய குடும்பங்கள் ஒரு காலத்தில் ஏராளம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அல்லவா! ஆனால் 2016-ம் ஆண்டு ஏப்ரலில் இங்கே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியது இல்லை. பகல் முழுவதும் காய்ந்த தளம் நள்ளிரவு வரை அனல் கக்கும்.

ஆகவே தவணையில் ஏ.சி. வாங்குகிறார்கள். தவணைத் தொகை எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் அது தின்னும் மின்சாரத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

வெப்பத்தை இறைக்கும் பம்பு

ஏ.சி. குளிரை உண்டாக்குவது இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து, வெளியே மாட்டிய பெட்டி வழியாகக் கொட்டுகிறது. கிணற்றுப் பம்பு செட்டு மாதிரிதான். அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்தில் 3, 4 யூனிட் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடிகிறது. கிணறு ஆழமானால் பம்புக்கு வேலை கூடும். அதுபோல, 24 டிகிரி போதும் என்ற இடத்தில் 18 டிகிரி கேட்டால் செலவு ஏறும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

எந்திரத்தில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அதில் அச்சிட்டு இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு உரியது. 700 என்று இருந்தால், மணிக்கு அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு.

இலவசம் எதுவரை?

கர்நாடக அரசின் 'கிருக ஜோதி' திட்டம் 2023-ல் வந்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் உண்டு. 2022-23-ல் அந்த வீட்டில் செலவான மாதச் சராசரி, அதற்கு மேல் 10 சதவீதம், அவ்வளவுதான் இலவசம். அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200 யூனிட்டையே தாண்டிவிட்டால் முழுப் பில்லையும் கட்ட வேண்டும்! தமிழ்நாட்டில் 2016-ல் வந்த 100 யூனிட் சலுகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது, எவ்வளவு செலவழித்தாலும் முதல் 100 யூனிட்டைக் கழித்துவிடும் ஏற்பாடு.

ஒரு குடும்பத்தின் இலவச அளவு 110 யூனிட், வழக்கமான செலவு 100 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சொன்ன ஏ.சி.யை இரவு 6 மணி நேரம் ஓட்டினால் மாதம் 79 யூனிட் கூடும். மொத்தம் 179. கூடுதலான 69 யூனிட்டுக்கு மட்டும் பணம். 2025 ஏப்ரல் கட்டணப்படி யூனிட் 5 ரூபாய் 80 காசு. ஓய்வூதியத்துக்கான கூடுதல் 36 காசு, வரி எல்லாம் சேர்த்து 7 ரூபாய் என்றே போடுவோம். 483 ரூபாய் ஆகிறது.

அதே ஏ.சி. 8 மணி நேரம் ஓடினால்? 105 யூனிட் கூடி மொத்தம் 205. பில் 1,435 ரூபாய், நிலைக்கட்டணம் வேறு. இரவில் இரண்டு மணி நேரம் கூட ஓடியதற்கு மாதம் 950 ரூபாய்க்கு மேல் தண்டம்! ஒரே மீட்டரில் இரண்டு, மூன்று குடித்தனம் இருக்கும் வீடுகளில் இந்த 200 இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

நல்ல வேளையாக, பெங்களூரில் பின்னிரவுக் காற்று இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. இரண்டு மணிக்கு ஏ.சி. தானாக நிற்கும்படி வைத்துவிட்டு, மின்விசிறியை ஓடவிடலாம்.

மீட்டர் பார்க்க ஆள் வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பில் கணக்கு அந்தத் தேதியில் இருந்துதான். ஒன்றாம் தேதியில் இருந்து அல்ல. இருபதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 140 யூனிட் ஓடி இருந்தால், மீதி பத்து நாளுக்கு நாள் ஒன்றுக்கு 6 யூனிட்தான் இருக்கிறது.